சின்ன இடத்தில் நேரடி இசை: எனக்கு மட்டும்தான் பிடிபடவில்லையா?

அரைக்காது:
நண்பர் ஒருவர் விடாமல் நச்சரித்ததால் போன வாரம் முதன்முறையாக ஒரு சின்ன இடத்தில் நேரடி நிகழ்ச்சி கேட்கப் போனேன். நாற்பது பேர் இருந்திருந்தால் அதிகம். முதலில் ஒரு பெண் தனியாகக் கிட்டாரோடு வந்து நாட்டுப்புறப் பாடல்களையும் சொந்தப் பாடல்களையும் கலந்து பாடினார், அப்புறம் நான்கு பேர் கொண்ட ஒரு குழு. "அங்கே கேட்கிற சுகமே தனி" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே என்று ஆசையாகத்தான் போனேன். உண்மையைச் சொல்கிறேன், திட்டாதீர்கள். வரிகள் பாதி புரியவில்லை. குழு வாசித்தபோது வயிற்றில் டும் டும் என்று இடித்ததுதான் மிச்சம். அந்தப் பெண் இரண்டு பாட்டுக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திச் சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் தங்கள் அலுவலகக் கதையைக் கடைசிவரை பேசித் தீர்த்தார்கள். போதாக்குறைக்கு, அவ்வளவு கிட்டத்தில் பாடகர் நம்மையே பார்த்துப் பாடும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. வீட்டில் ஹெட்போனில் இதைவிடத் தெளிவாகக் கேட்கிறதே, இதில் அப்படி என்னதான் இருக்கிறது? கிண்டலுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ஒலிமேசை:
ஒரே ஒரு கேள்வி. எங்கே நின்றீர்கள்? பின் சுவரை ஒட்டியா?

அரைக்காது:
ஆமாம், சுவரில் சாய்ந்துகொண்டு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஒலிமேசை:
வயிற்றில் இடித்தது என்றீர்களே, அதை வைத்துத்தான். இருபது வருடமாகச் சின்ன இடங்களில் மிக்சர் (எல்லா மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற பலகை) முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், உங்களைப் போல் சுவரைத் தேடிப் போய் நிற்பவர்கள்தான் பாதிப் பேர்.

பேஸ், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலி, சுவரோரத்திலும் மூலையிலும் போய்க் குவியும். அறை சின்னதாக இருந்தால் இன்னும் மோசம். வரிகளைப் புரியவைப்பவை மெய்யெழுத்துகள், ச, ட, த, க மாதிரி ஒலிகள். இவை உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை, முன்னால் நிற்கிறவர்களின் உடம்பும் சட்டையும் இவற்றை அப்படியே குடித்துவிடும். ஆக, பின் சுவருக்கு வந்து சேர்வது வெறும் உயிரெழுத்தும் டும் டும்மும். பாடகர் மேல் தப்பில்லை, என் மேலும் முழுத் தப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. சவுண்ட் செக் நடப்பது சாயந்தரம், காலி அறையில். அப்போது கை தட்டினால் எதிரொலி தெறிக்கும், அதற்கேற்பத்தான் எல்லாவற்றையும் அமைப்போம். அப்புறம் நாற்பது பேர் வந்து உட்கார்ந்ததும் அது வேறு அறை ஆகிவிடும், எதிரொலி செத்துப்போகும், மேல்ஸ்தாயி மங்கிவிடும். முதல் இரண்டு பாட்டு முழுக்க நான் அதைச் சரிசெய்வதில்தான் இருப்பேன். அறையின் ஒலியை அமைப்பதில் வந்திருக்கிற ஒவ்வொருவரின் உடம்புக்கும் பங்கு உண்டு, சும்மா அழகுக்குச் சொல்லவில்லை.

குழுவைப் பொறுத்தவரை, சின்ன அறையில் சத்தத்தைத் தீர்மானிப்பது நான் இல்லை, டிரம்ஸ் வாசிப்பவர். அந்த வாத்தியத்துக்கு மைக்கே வேண்டாம், அடித்தால் அறை நிறைந்துவிடும். குரல் அதற்கு மேலே கேட்க வேண்டும் என்று நான் ஏற்றினால் ஸ்பீக்கரில் இருந்து வருவது மறுபடி மைக்குக்குள் போய், அங்கிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு, அப்படியே சுற்றி 'க்ரீச்' என்று கத்தும். குச்சியை வைத்துவிட்டு, மெதுவாக ஒலிக்கிற பிரஷ் எடுக்கத் தெரிந்த டிரம்ஸ்காரரைப் பார்த்தால் எனக்குக் காலில் விழத் தோன்றும். மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பாடுகிறவர்களைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றும். ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 மைக் 1966-ல் வந்தது, இன்றைக்கும் எந்தச் சின்ன இடத்துக்குப் போனாலும் அதுதான் இருக்கும். அது முன்பக்கத்தை நன்றாகக் கேட்டுப் பின்பக்கத்தை ஒதுக்கிவிடும், அதனால்தான் பாடகர் தன் குரலைக் கேட்பதற்கான ஸ்பீக்கரை (மானிட்டர்) மைக்கின் முதுகுப்பக்கம் வைக்கிறோம். தலையைப் பொத்தினால் அந்த வித்தை முழுக்கப் பாழ்.

அடுத்த முறை குழு என்றால் மிக்சர் பக்கத்தில் நில்லுங்கள், நான் கேட்டுச் சரிசெய்வதும் அங்கிருந்துதான். தனி ஆள், தனி வாத்தியம் என்றால் யோசிக்காமல் முதல் இரண்டு வரிசை. அங்கே ஸ்பீக்கரைவிட வாத்தியத்தின் நேரடி ஒலிதான் அதிகம் கிடைக்கும், விரல் தந்தியில் வழுக்குகிற சத்தம் உட்பட.

தந்தி:
சுருதிப் பிரச்சினைக்கு நான் வருகிறேன், ஏனென்றால் அந்த வசவு வாங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

எஃகுத் தந்தி சூடானால் நீளும், நீண்டால் தொய்யும், தொய்ந்தால் சுருதி இறங்கும். மேடை விளக்கு இரண்டடி தூரத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போது இது இரண்டு பாட்டுக்குள் நடந்துவிடும். மரம் ஈரத்துக்கு ஊதுவது தனிக்கதை. தோல் வாத்தியக்காரர்கள் பாடு இதைவிட மோசம், அடைத்த அறையில் நாற்பது பேர் மூச்சுவிட்டாலே தோல் தளர ஆரம்பிக்கும், இடைவேளையில் வெளியே போய்ச் சூடு காட்டிவிட்டு வருவார்கள்.

அதைவிட முக்கியமான காரணம், நாட்டுப்புறப் பாணியில் கிட்டார் வாசிக்கிறவர்கள் பலர் பாட்டுக்குப் பாட்டு தந்திகளின் சுருதி அமைப்பையே மாற்றுவார்கள். டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று ஒன்று உண்டு (ஆறு தந்திகளின் சுரப் பெயர்கள்), 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கலைஞர் பரப்பியது. வழக்கமான அமைப்பில் இருந்து மூன்று தந்திகளை இறக்கினால் போதும், கிட்டாருக்குள் ஒரு தம்புரா உட்கார்ந்துகொண்ட மாதிரி அடியில் ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய மேடைக் கலைஞர்களுக்கு ஆறு கிட்டார் தயாராக இருக்கும், உதவியாளர் ஓடிவந்து மாற்றிக் கொடுப்பார். எங்களிடம் இருப்பது ஒன்றுதான். ஆணியைத் திருகிக்கொண்டே கதை சொல்லக் கற்றுக்கொள்வதுதான் ஒரே வழி. நல்ல பாடகர் சுருதி சேர்க்கும்போது சொல்கிற கதை சில நேரம் அடுத்த பாட்டைவிட நன்றாக இருக்கும் (என் விஷயத்தில் எப்போதுமே).

உங்களைப் பார்த்தார் என்றது உண்மையாகத்தான் இருக்கும். கண்ணில் விளக்கு அடிக்கும்போது எங்களுக்குத் தெரிவது முதல் வரிசையும் ஓரத்தில் நிற்கிற நாலைந்து முகங்களும்தான். அவற்றில் கேட்டுக்கொண்டிருக்கிற முகம் எது என்று தேடிப் பிடித்து அதற்குப் பாடுவோம். முகத்தை ஒன்றும் செய்ய வேண்டாம். தலையாட்ட வேண்டும், சிரிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால்கூடப் பரவாயில்லை. போனை எடுத்தால் மட்டும் கொஞ்சம் உள்ளே எதுவோ உட்கார்ந்துவிடும்.

இரவுலாவி:
பேசுகிறவர்கள் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே, நான் திறக்கிறேன். பெரிய மைதானத்தில் நீங்கள் பக்கத்து ஆளோடு சண்டையே போட்டாலும் மேடைக்குத் தெரியாது. நாற்பது பேர் அறையில் சாதாரணமாகப் பேசினால் பாடகரின் மெல்லிய வரிக்கும் உங்கள் பேச்சுக்கும் சத்தத்தில் வித்தியாசமே இல்லை. அப்புறம் பாடகர் சத்தத்தைக் கூட்டுவார், பேசுகிறவர்கள் அதைவிடக் கூட்டுவார்கள், கடைசியில் எல்லோரும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் புளூபேர்ட் கஃபே என்று ஒன்று இருக்கிறது, 1982-ல் தொடங்கியது, சுமார் தொண்ணூறு இருக்கைதான். பாட்டு எழுதுகிறவர்கள் அறையின் நடுவே வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு பாட்டாக மாற்றி மாற்றிப் பாடுவார்கள், கேட்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடம் பெயர் வாங்கியதே அமைதிக்குத்தான். பேசினால் 'உஷ்' என்பார்கள், அவர்களுக்கு அது ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. ஊருக்கு நாலு இடம் இப்படி இருந்தால் நான் குடும்பத்தை விட்டுவிட்டு அங்கேயே கிடப்பேன்.

ஆனால் ஒன்று, எல்லாச் சின்ன இடமும் அப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் இருந்த சிபிஜிபி என்ற இசை விடுதி, 1973-ல் திறந்தது, பெயரின் விரிவே கன்ட்ரி, புளூகிராஸ், புளூஸ். அந்த மூன்றுக்காகத் திறந்த இடத்தில் வந்து குடியேறியது யார் தெரியுமா, ரமோன்ஸ், 'டெலிவிஷன்' என்ற குழுக்களும் பாட்டி ஸ்மித் (Patti Smith) என்ற பாடகியும். பங்க் என்ற முரட்டு ராக் இசை வளர்ந்ததே அங்கேதான். நாட்டுப்புற இசைக்கு என்று திறந்த கடையில் வேறு சரக்கு விற்றுப்போனது, 2006-ல் மூடினார்கள். அங்கே போய் யாராவது 'உஷ்' என்றிருந்தால் அடி விழுந்திருக்கும்.

முட்டுக்கட்டை:
எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

எனக்கு முழங்கால் வலி. சின்ன இடம் என்றால் பாதி நேரம் குறுகலான படி ஏறிப் போகிற மாடி, இல்லையென்றால் நிலவறை. உட்கார நாற்காலி கிடையாது. எட்டு மணி என்று போட்டிருப்பார்கள், ஒன்பதே காலுக்குத்தான் முதல் ஆள் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். சக்கர நாற்காலியில் வருகிற என் நண்பர் ஒருவர் ஒரு இடத்தில் வாசலோடு திரும்பி வந்தார், "தூக்கிக்கொண்டு போகிறோம்" என்று அவர்கள் சொன்னதுதான் அவரை அதிகம் நோகடித்தது. இதையெல்லாம் நெருக்கம், உயிரோட்டம் என்று சொல்லி மூடிவிட முடியாது.

அப்புறம் தரம். பாட்டு வராத ஆளுக்கு அவருடைய பத்து நண்பர்கள் மட்டும் கைதட்டுகிற இரவுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நடுவில் "எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்" என்று ஒரு கட்டாயம் வேறு. நான் பணம் கொடுத்தது நீ பாட, நான் பாட இல்லை.

தந்தி:
படிக்கட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. போவதற்கு முன் போன் செய்து கேட்டால் நாற்காலியாவது எடுத்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

தரம் பற்றி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பாட்டு தேறுவதற்கு அது முதலில் ஆட்கள் முன்னால் கெட்டுப்போக வேண்டும். என் பாட்டு ஒன்றில் மூன்றாவது சரணத்தில் ஒவ்வொரு தடவையும் ஆட்கள் நாற்காலியில் நெளிவதைப் பார்த்தேன், நாலாவது இரவோடு அந்தச் சரணத்தையே வெட்டிவிட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து நூறு தடவை பாடியபோது அது எனக்குப் பிடித்த சரணம். அந்த நெளிவு எந்த ரெக்கார்டிங் கருவியிலும் பதிவாகாது. மைதானத்தில் பாடுகிறவருக்கும் தெரியாது.

நாட்டுப்புறப் பாட்டில் கூடப் பாடச் சொல்வது கட்டாயம் இல்லை சார், அந்தப் பாட்டே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, கூட்டம் திருப்பிச் சொல்ல. அந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் நான் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

முட்டுக்கட்டை:
சரி, பதில் சொல்கிறேன். சுதி சேராமல்.

கடைசிவண்டி:
இடையில் ஒரு சந்தேகம். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம், மறுநாள் மதியம் வரை இருக்கிறது. இது சாதாரணம்தானா?

ஒலிமேசை:
அடிக்கடி நடக்கிறது, அதனால் சாதாரணம் என்று ஆகிவிடாது. காது பட்ட அடிக்கு அது அடையாளம். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புக்கான நியோஷ் அமைப்பின் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியே போட்டுப் பாருங்கள், 94-ல் 1 மணி நேரம், 100-ல் 15 நிமிடம். டிரம்ஸ் இருக்கிற குழு தாழ்ந்த கூரை அறையில் வாசித்தால் 100-ஐத் தொடுவது பெரிய விஷயமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் நிகழ்ச்சி இடங்களுக்கு என்று ஒரு தரம் வெளியிட்டது, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, அமைதியான ஓய்விடம் ஒன்று இருக்க வேண்டும், காதடைப்பான் கிடைக்க வேண்டும் என்றெல்லாம்.

நுரை அடைப்பான் உயர்ந்த ஒலியைத்தான் அதிகம் வெட்டும், போர்வைக்குள் இருந்து கேட்பது போல் இருக்கும். இசைக்காரர்களுக்கு என்றே விற்பது கொஞ்சம் விலை கூட, ஆனால் எல்லா அதிர்வெண்ணையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் வரிகள் இன்னும் தெளிவாகவே கேட்கும். ஸ்பீக்கர் முன்னால் நிற்காதீர்கள், இடைவேளையில் வெளியே போய் நில்லுங்கள். நான் இதை எல்லாம் முப்பத்தெட்டு வயதில்தான் கற்றுக்கொண்டேன், இடது காது அதற்குள் கொஞ்சம் போய்விட்டது.

இரவுலாவி:
பணம் பற்றியும் கொஞ்சம் பேசலாம். பல இடங்களில் வாசல் வசூலில் ஒரு பங்குதான் பாடகருக்கு. அதிலிருந்து வண்டிக் கூலி, தந்தி வாங்கும் செலவு போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதனால் நான் செய்வது ஒன்று, பிடித்திருந்தால் முடிந்ததும் பின்னால் மேசை போட்டு விற்கிற ஆல்பத்தையோ சட்டையையோ கையோடு வாங்கிவிடுவேன். ஸ்ட்ரீமிங்கில் வருஷம் முழுக்கக் கேட்டாலும் அந்த ஒரு வட்டுக்கு ஈடாகாது. சி.டி. போட என்னிடம் கருவியே இல்லை, வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன், மனைவி கேட்டால் பதில் இல்லை.

இடம் நடத்துகிறவர்கள் பாடு தனி. முப்பது வருடமாகப் பாட்டு நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி வரும், குடிவந்தவர் முதல் மாதமே சத்தம் என்று புகார் கொடுப்பார், மூடுவது பாட்டு நடக்கிற இடம்தான். இதற்காகவே 'மாற்றத்தைக் கொண்டுவருகிறவரே பொறுப்பு' என்ற விதியை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-ல் கொண்டுவந்தது, இங்கிலாந்து 2018-ல் தன் திட்டமிடல் கொள்கையில் சேர்த்தது. புதுக் கட்டடம் கட்டுகிறவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும் என்பது சாரம். பிரிட்டனில் மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற அமைப்பு 2014-லிருந்து இந்தச் சின்ன இடங்களுக்காகவே வேலை செய்கிறது. 2025-ல் தங்கள் பிரிட்டன் மைதான நிகழ்ச்சிகளின் வருமானத்தில் 10 சதவீதத்தைக் கோல்ட்பிளே குழு அந்த அமைப்புக்கு ஒதுக்கியது. மேலே போனவர்கள் ஏறி வந்த ஏணிக்குக் கொஞ்சம் எண்ணெய் போடட்டும் என்பதுதான் என் கட்சியும்.

முட்டுக்கட்டை:
இதில் சண்டை இல்லை. போன் விஷயத்தில் மட்டும் தந்தியோடு உடன்பட மாட்டேன். யாரோ எடுத்துப் போட்ட நடுங்குகிற வீடியோவைப் பார்த்துத்தான் நான் இரண்டு குழுக்களைக் கண்டுபிடித்தேன். ஒரு பாட்டு எடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

தந்தி:
ஒரு பாட்டு எடுத்துவிட்டு உள்ளே வைத்தால் எனக்கு ஒன்றும் இல்லை. முழுப் பாட்டுக்கும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற பதினைந்து பேர் என்னைப் பார்க்காமல் உங்கள் திரையில் இருக்கிற என்னைத்தான் பார்ப்பார்கள். அப்புறம், இன்னும் வெளியிடாத பாட்டு என்று சொன்னால் தயவுசெய்து வேண்டாம்.

நாலாம்வில்:
ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் மேடை இருக்கிற இடம் பற்றியே பேசுகிறீர்கள். நான் வயலின் வாசிக்கப் போவது மேடையே இல்லாத கூடல்களுக்கு. ஐரிஷ் பாணி செஷன் என்பார்கள். எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்து வாசிப்போம், கேட்க வந்தவர்களுக்கு எங்கள் முதுகுதான் தெரியும். மைக் கிடையாது, பட்டியல் கிடையாது. ஒருவர் ஒரு மெட்டை ஆரம்பிப்பார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மா இருப்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. இரண்டு மூன்று தடவை சுற்றியதும் ஆரம்பித்தவர் புருவத்தை லேசாக உயர்த்துவார், உடனே மொத்தக் கூட்டமும் அடுத்த மெட்டுக்குத் தாவும். அந்தப் புருவத்தைப் பார்க்கிற தூரத்தில் உட்கார்ந்தால் பார்வையாளருக்கும் ஒரு வினாடி முன்னாலேயே தெரிந்துவிடும். அரைக்காது, உங்களுக்கு யாராவது பார்ப்பது கூச்சம் என்றால் இதற்கு வாருங்கள், உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அரைக்காது:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை.

அதே பெண் மறுபடி பாடினார், போனேன். இந்த முறை இரண்டாவது வரிசை. வரிகள் எல்லாம் புரிந்தன என்று சொல்ல வந்தேன், ஆனால் எனக்குப் பிடித்தது அது இல்லை. அவர் காலடியில் தரையில் ஒரு தாள் கருப்பு டேப்பில் ஒட்டியிருந்தது, தடித்த பேனாவில் பாட்டு வரிசை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தலைகீழாகப் படிக்க முடிந்தது. ஐந்தாவது பாட்டு முடிந்ததும் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கிறவர் போல ஒரு பேனாவை எடுத்து ஆறாவதை அடித்துவிட்டு ஓரத்தில் என்னவோ கிறுக்கினார். வந்தது ஒரு மெதுவான பழைய பாட்டு, கிட்டாரே இல்லாமல்.

முடிந்ததும் ஆல்பம் வாங்குகிற சாக்கில் (இரவுலாவி, உங்கள் புண்ணியம், என்னிடமும் கருவி இல்லை) ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அஞ்சாவது முடிஞ்சதும் நீங்க யாருமே உடனே கைதட்டலையே, கவனிச்சீங்களா? அப்புறம் எப்படி வேகமான பாட்டைப் போடறது?" என்றார். நான் கவனிக்கவில்லை. ஆனால் தட்டாதவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த வாரம் ஹர்டி கர்டி என்று ஒரு வாத்தியக்காரர் வருகிறாராம். அது என்னவென்றே தெரியாது. எங்கே உட்காரட்டும்?

நாலாம்வில்:
கைப்பிடியைச் சுழற்றினால் பிசின் தடவிய ஒரு சக்கரம் தந்திகளை உரசும், வில் போடுவதற்குப் பதில் சக்கரம், அவ்வளவுதான். வலது கை சுழற்ற, இடது கை கட்டைகளை அழுத்தும். அடியில் இரண்டு தந்தி எப்போதும் ஆதார சுருதி போட்டுக்கொண்டிருக்கும். கைப்பிடியை மணிக்கட்டால் சட்டென்று ஒரு சொடுக்கு சொடுக்கினால் தந்தியைத் தாங்குகிற 'குதிரை' என்ற சின்ன மரத்துண்டு துடித்து 'ட்ர்ர்' என்று உறுமும், தாளம் வருவது அதிலிருந்துதான். சக்கரம் படுகிற இடத்தில் தந்திகளுக்குப் பஞ்சு சுற்றியிருப்பார்கள், அதைச் சரிசெய்ய அடிக்கடி நிறுத்துவார், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இடப்பக்கம் உட்காருங்கள், மணிக்கட்டு தெரியும்.

முட்டுக்கட்டை:
அந்த இடத்துக்குப் படிக்கட்டு எத்தனை?

அரைக்காது:
கேட்டுவிட்டேன் சார். தரைத்தளம். நாற்காலி இரண்டு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.